‘ஆனரபிள்’: ஓர் அடைமொழியும் சில பாதைகளும்

சுடுகாட்டுப் பாதைக்கான மனு அது. காலனியிலிருந்து பிணத்தை எடுத்துப் போக இருக்கிற ஒரே வழி மழைக்காலத்தில் வாய்க்காலாகிவிடும். ஊர்த்தெரு வழியாகப் போனால் சண்டை. மனுவைத் தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று எழுதிக்கொடுத்தது நான்தான். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு ஊர்ப்பக்கம் கிடைக்கிற வேலைகளில் இதுவும் ஒன்று. மனுவைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. அலுவலகத்தில் அதை வாங்கியவர் ஆங்கிலப் பிரதியின் தலைப்பில், அமைச்சரின் பதவிப் பெயருக்கு முன்னால், சிவப்பு மையால் ஒரு வட்டம் போட்டார். “என்ன சார், இவ்ளோ படிச்சிருக்கீங்க, ‘ஆனரபிள்’ போடணும்னு தெரியாதா?” என்றார். அதே மூச்சில் பாட்டி பக்கம் திரும்பி, “ஏய், நீ அந்தாண்ட போய் நில்லு” என்றார்.

வட்டத்துக்குள் நான் அந்தச் சொல்லை எழுதினேன். நம் அலுவலகங்களில் அதை எழுதுகிற விதமே தனி. நடுவில் நாலு எழுத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் உச்சியில் ஒரு சின்னக் கொக்கி போடுவார்கள். வெள்ளைக்காரன் பழங்காலத்தில் போட்ட கொக்கி. அவன் ஊரில் அது வழக்கொழிந்து வெகுகாலம் ஆகிறது. இங்கே கல்வெட்டிலும் திறப்புவிழா அழைப்பிதழிலும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. மனு ஏற்றுக்கொள்ளப்பட்டது. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த இரண்டு வாக்கியங்களும் என்னைவிட்டுப் போகவில்லை. ஒரே வாய், ஒரே நிமிஷம். ஒரு பக்கம் அடைமொழி, இன்னொரு பக்கம் ‘ஏய்’. இந்த அடைமொழியைச் சரியாகப் பயன்படுத்துவது என்றால் என்ன? எழுத்துப்பிழை இல்லாமல் போடுவதா? அல்லது அதற்கு வேறு ஏதாவது இலக்கணம் உண்டா? இந்தக் கேள்விக்கு வரலாற்றில்தான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

முதலில் அச்சொல்லின் பிறந்த வீட்டு இலக்கணம். ‘ஆனர்’ என்றால் மதிப்பு. பின்னால் ஒட்டுகிற விகுதிக்குத் ‘தக்க’ என்று பொருள். ஆக, ‘மதிக்கத் தக்க’. ஆங்கில எழுத்து வழக்கில் இதைப் பெயருக்கு முன் போடும்போது சில கட்டுப்பாடுகள் உண்டு. முன்னால் ‘தி’ என்ற சுட்டு வர வேண்டும். வெறும் குடும்பப் பெயரோடு ஒட்டக் கூடாது. முழுப்பெயரோ, பதவியோ, வேறொரு பட்டமோ கூட நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, யாரும் தனக்குத்தானே போட்டுக்கொள்ளக் கூடாது. மற்றவர் சொல்ல வேண்டிய சொல் அது. (நம் ஊர் லெட்டர்பேடுகளையும் கார் முன்கண்ணாடிகளையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டாம்.)

அந்த வீட்டிலும் இச்சொல்லுக்கு இரண்டு முகம். ஒன்று பரம்பரை முகம்: விஸ்கவுண்ட், பாரன் ஆகியோரின் பிள்ளைகளுக்கும் ஏர்ல்களின் இளைய மகன்களுக்கும் பிறப்பாலேயே கிடைக்கிற அடைமொழி. இதில் நமக்குப் புதுசாக ஒன்றும் இல்லை. பிறப்பால் மரியாதை என்பது நமக்குத் தெரியாத சங்கதியா? இன்னொன்று பாராளுமன்ற முகம். காமன்ஸ் சபையில் ஓர் உறுப்பினர் இன்னோர் உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. ‘இன்ன தொகுதியின் மதிப்புக்குரிய உறுப்பினர்’ என்றுதான் சொல்ல வேண்டும். சொந்தக் கட்சிக்காரர் என்றால் ‘என் மதிப்புக்குரிய நண்பர்’. பேச்சும் சபாநாயகரை நோக்கித்தான் இருக்க வேண்டும். எதிராளி தவறாகச் சொல்கிறார் எனலாம்; பொய்யர் எனக் கூடாது. எர்ஸ்கின் மே 1844இல் முதலில் வெளியிட்ட பாராளுமன்ற நடைமுறை நூல் இன்றுவரை புதுப்பிக்கப்பட்டு வருவது இம்மாதிரி ஒழுங்குகளைத் தொகுத்துத்தான்.

இந்த இரண்டாவது முகத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இங்கே அடைமொழி ஆளுக்கு உரியதல்ல, ஆள் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு உரியது. அது இருபுறமும் போகிறது. நான் உனக்குச் சொல்கிறேன், நீ எனக்குச் சொல்கிறாய். இருவரும் ஒருவரை ஒருவர் வெறுக்கலாம். ஆனாலும் பேச்சு நடக்க வேண்டும் என்பதற்காக இரண்டு பேருக்கும் ஒரே உயரத்தில் மனை போட்டுத் தருகிற ஏற்பாடு அது. அந்தச் சபைக்குள் யார் நுழைய முடிந்தது, சொத்தில்லாதவனும் பெண்ணும் எத்தனை காலம் வெளியே நின்றார்கள் என்பது தனிக்கதை. ஆனால் உள்ளே விதி அதுதான்: பரஸ்பரம்.

கப்பல் ஏறி வந்தபோது இந்தப் பரஸ்பரம் இறக்குமதியாகவில்லை. இங்கே ‘ஆனரபிள்’ பெரிதாக ஒட்டிக்கொண்டது ஒரு வியாபார நிறுவனத்தின் பெயரில். ‘ஆனரபிள் ஈஸ்ட் இந்தியா கம்பெனி’. நம்மாட்கள் கம்பெனியைக் ‘கும்பினி’ ஆக்கினார்கள். அடைமொழியைக் ‘கனம் பொருந்திய’ என்று மொழிபெயர்த்தார்கள். கனம் என்றால் பாரம். தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, இதைவிடப் பொருத்தமான மொழிபெயர்ப்பு அமைந்திருக்க முடியாது. ரயத்துவாரி வரியின் பாரத்தைச் சுமந்த குடியானவன், தன் முறையீட்டில் ‘மகா கனம் பொருந்திய துரையவர்கள் சமூகத்துக்கு’ என்று எழுதினான்.

அந்தக் கனம் எவ்வளவு என்பதற்கு அரசாங்கத்தின் சொந்தக் காகிதமே சாட்சி. 1852இல் சென்னைவாசிகள் சங்கத்தைத் தொடங்கிய காஜுலு லட்சுமிநரசு செட்டி, குடியானவர்கள்மீது நடக்கும் சித்திரவதையை லண்டன் வரை கொண்டுபோகப் பாடுபட்டார். டான்பி சீமோர் என்ற பாராளுமன்ற உறுப்பினர் சென்னை மாகாணத்துக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார். 1854இல் காமன்ஸ் சபையில் விவாதம் எழுந்தது. அதன்பின் அமைக்கப்பட்ட ஆணையம் 1855இல் அறிக்கை தந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறையீடுகள் வந்திருந்தன. வரிப்பாக்கிக்காக விரல்களைக் கிட்டியில் வைத்து நெரித்தது, தலை காலைத் தொடுகிற மாதிரி குனியவைத்துக் கயிற்றால் கட்டி வெயிலில் நிறுத்தியது எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. சித்திரவதை நடந்தது உண்மை என்று ஆணையம் ஒப்புக்கொண்டது. பழியைச் சுதேசிச் சிப்பந்திகள் தலையில் வைத்துவிட்டு வெள்ளை அதிகாரிகளை விட்டுவிட்டது.

இங்கே மொழிரீதியாக நடந்ததைப் பாருங்கள். லண்டனில் ‘மதிப்புக்குரிய உறுப்பினர்கள்’ எதிரெதிரே உட்கார்ந்து, ‘மதிப்புக்குரிய’ கம்பெனி நம் ஆட்களின் விரலை நெரித்ததா இல்லையா என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். விரல் நெரிபட்டவனுக்கு அந்த உரையாடலில் அடைமொழி கிடையாது. அவன் கனத்தைக் கொடுக்கிறவன். திரும்பப் பெறுகிறவன் அல்ல. காலனியச் சொல்லாடலில் ‘ஆனரபிள்’ ஒருவழிப் பாதை ஆனது இப்படித்தான்.

1861 சட்டத்துக்குப் பிறகு மாகாண சட்டசபைகளில் ஒன்றிரண்டு இந்தியர்களை நியமித்தார்கள். அதே லட்சுமிநரசு செட்டியும் 1863இல் சென்னைச் சபை உறுப்பினரானார். படித்த வர்க்கம் இந்த அடைமொழிமீது மோகம் கொள்ளத் தொடங்கியதும் இந்தக் காலத்தில்தான். இந்த மோகத்தை வெறும் அடிமைப்புத்தி என்று ஒதுக்கிவிட நான் தயாரில்லை. ‘அவனுக்குச் சமமாக உட்கார முடியும்’ என்ற ஆசையும் அதில் இருந்தது. அந்த ஆசை எதுவரை போக முடிந்தது என்பதற்கு வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார் நல்ல உதாரணம்.

சாஸ்திரியாரின் ஆங்கிலத்தை ஆங்கிலேயர்களே மெச்சினார்கள். 1921இல் அவர் பிரிவி கவுன்சில் உறுப்பினரானார். அதனால் வெறும் ‘ஆனரபிள்’ அல்ல, ‘ரைட் ஆனரபிள்’. தமிழில் ‘மகாகனம்’. 1927இல் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாக அவர் தென்னாப்பிரிக்கா போனார். அங்கே அவர் யாருக்காகப் போனாரோ அவர்கள் பெயர் என்ன? 1860 முதல் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத்தில் போன தமிழர்களும் தெலுங்கர்களும் மற்றவர்களும் அங்கே ‘கூலி’கள். வசைச்சொல்லாக மட்டுமல்ல, டிரான்ஸ்வாலின் 1885ஆம் வருடத்து 3ஆம் எண் சட்டத்தில் அது சட்டச்சொல்லாகவே இருக்கிறது. பாரிஸ்டரான காந்தியே அங்கே ‘கூலி பாரிஸ்டர்’தான். அந்தச் சொல் தமிழ்க் ‘கூலி’யிலிருந்து போனது என்றும், குஜராத் பக்கத்துக் ‘கோலி’ என்ற சாதிப்பெயரிலிருந்து போனது என்றும் இரண்டு பேச்சு உண்டு. எது ஆனாலும், கொடுக்கல் வாங்கலைக் கவனிக்க வேண்டும். உழைப்புக்குத் தரும் ஊதியத்தின் பெயர் நம் பக்கத்திலிருந்து போய் ஒரு மனித இனத்துக்கே இழிபெயராயிற்று. பதிலுக்கு அங்கிருந்து ஓர் அடைமொழி வந்து ஒற்றை மனிதருக்கு மகுடமாயிற்று. ஆயிரக்கணக்கானவர்களுக்கு ‘கூலி’, ஒருவருக்கு ‘மகாகனம்’. விதிவிலக்காக ஒருவரை மேலே ஏற்றி வைப்பது, கீழே இருக்கிற விதியை அப்படியே வைத்திருப்பதற்கான ஒரு வழியும்கூட.

அதே தென்னாப்பிரிக்காவில் இன்னொரு தமிழரும் இருந்தார். இரட்டைமலை சீனிவாசன். நேட்டாலில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலை. அதற்கு முன்பு, 1893இல், சென்னையில் அவர் ஒரு பத்திரிகை தொடங்கியிருந்தார். பெயர் ‘பறையன்’. எந்தப் பெயரால் உன்னை இழிவு செய்கிறார்களோ அந்தப் பெயரையே தலைப்பாகப் போட்டுக்கொண்டு பேசுவது. நல்ல அடைமொழி ஒன்றை இரவல் வாங்கி அந்தஸ்து தேடுகிற பாதைக்கு நேர் எதிர்ப்பாதை இது. இரண்டு சீனிவாசர்கள், இரண்டு பாதைகள்.

ஆனால் விஷயம் அவ்வளவு நேர்கோடாக இல்லை. இரட்டைமலை சீனிவாசன் 1920களின் தொடக்கத்தில் ஊர் திரும்பி, 1923இல் சென்னைச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அவருக்கு முன்பே எம்.சி. ராஜா உறுப்பினராகி, 1922இல் ‘பஞ்சமர்’, ‘பறையர்’ என்று அரசு ஆவணங்களில் எழுதுவதை நிறுத்தி ‘ஆதிதிராவிடர்’ என்று எழுத வேண்டும் என்ற தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தார். 1924இல் சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம் இன்னும் நேரடியானது: எந்த ஊரிலும் எந்தப் பொதுத் தெருவிலும் பாதையிலும் எந்தச் சாதியாரும் நடக்கலாம், பொதுக்கிணறு, குளம், பொது அலுவலகம் எல்லாருக்கும் உரியது. தீர்மானம் நிறைவேறி 1925இல் அரசிதழிலும் வெளிவந்தது.

அந்தச் சபைக்குள்ளே காமன்ஸ் சபை மரபுதான் நடப்பு. ஆக, வெளியே எந்தச் சாதிக்காரன் தெருவில் இவர் சமூகத்தார் நடக்கக் கூடாதோ, அதே சாதிக்காரர் சபைக்குள் இவரைக் குறிப்பிடும்போது ‘மதிப்புக்குரிய உறுப்பினர்’ என்றாக வேண்டும். அவன், இவன், டேய் எதுவும் செல்லாது. மனசுக்குள் என்ன இருந்ததோ, வாய் அந்தச் சொல்லைச் சொல்லியாக வேண்டும். இதைப் போலித்தனம் என்று நம்மில் பலர் சொல்லக்கூடும். நானும் ஒருகாலத்தில் அப்படித்தான் நினைத்தேன். இப்போது தோன்றுவது வேறு. அந்த அடைமொழி, பிறந்த வீட்டு விதிப்படி, பரஸ்பரமாகப் பயன்பட்ட அபூர்வமான தருணம் அது. அந்தச் சமதளத்தில் நின்றுகொண்டுதான் அவர் தெருவைக் கேட்டார். தனக்கு இன்னொரு அடைமொழி வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குச் சபைக்குள் நீ கொடுக்கிற இந்தச் சமத்துவத்தைத் தெருவிலும் கிணற்றடியிலும் என் ஆட்களுக்குக் கொடு என்று கேட்டார். ‘ஆனரபிள்’ என்ற சொல் தமிழ்நாட்டில் ஒரே ஒரு தடவை சரியாகப் பயன்படுத்தப்பட்டிருக்கிறது என்றால், அது அந்த இடத்தில்தான் என்பேன்.

இங்கே தமிழின் இலக்கணம் குறுக்கிடுகிறது. ஆங்கிலத்தில் மரியாதையை ஓர் அடைமொழியாக முன்னால் ஒட்டலாம். எடுத்துவிட்டாலும் வினைச்சொல் மாறாது. பிரபு வந்தாலும் பிச்சைக்காரன் வந்தாலும் ‘கேம்’தான். தமிழில் அப்படியில்லை. ‘வந்தான்’, ‘வந்தாள்’, ‘வந்தார்’ என்று முற்றின் விகுதியிலேயே ஆளின் உயரம் அளக்கப்பட்டுவிடும். வாக்கியத்தை முடிக்கும்போது யாரை எங்கே வைக்கிறோம் என்று சொல்லாமல் முடிக்கவே முடியாது. சேரியின் கிழவரைப் பார்த்து ஊர்ப் பொடியன் ‘வாடா’ என்றதும், கிழவர் பதிலுக்குப் பொடியனை ‘சின்னய்யா வாங்க’ என்றதும் இந்த விகுதியின் வரலாறுதான். எனவே நம் மொழியில் மரியாதைக்கான போராட்டம் அடைமொழிக்கான போராட்டமாக இருந்தால் போதாது. அது விகுதிக்கான போராட்டம்.

1925க்குப் பிறகு பெரியார் கட்டிய இயக்கத்துக்குச் ‘சுயமரியாதை’ என்று பெயர் அமைந்ததன் பொருளை இந்தப் பின்னணியில் வாசிக்கலாம். மேலேயிருந்து ஒருத்தன் வழங்குகிற ‘ஆனர்’ அல்ல. நானே எனக்குக் கொடுத்துக்கொள்கிற மரியாதை. 1929இல் செங்கல்பட்டில் நடந்த முதல் மாகாண மாநாட்டில் பெயரோடு ஒட்டிய சாதிப்பட்டங்களைக் கழற்றியெறிந்தார்கள். தலைமை வகித்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனும் கழற்றினார். ஒட்டிக்கொள்வதில் அல்ல, கழற்றுவதில் மரியாதை இருக்கிறது என்று ஓர் இயக்கம் கண்டுகொண்ட நேரம்.

அந்த மரபின் வாரிசுகள் கோட்டைக்குப் போன பிறகு என்ன ஆயிற்று? 1950களின் சட்டசபைப் பேச்சுகளில் ‘கனம் சபாநாயகர் அவர்களே’ என்று வரும். 1967க்குப் பிந்தையவற்றில் ‘மாண்புமிகு’. வடசொல்லுக்குப் பதில் தமிழ்ச்சொல், மகிழ்ச்சிதான். ஆனால் சொல்லின் உறுப்புகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆங்கிலச் சொல்லில் ‘தக்க’ இருந்தது. மதிக்கத் தக்கவரா என்ற ஒரு சோதனைக்காவது அதில் இடம் இருந்தது. ‘மாண்புமிகு’வில் அந்த இடமும் போயிற்று. மிகு அமைச்சர் என்பது வினைத்தொகை. மிகுந்த, மிகுகிற, மிகும் என்று முக்காலத்துக்கும் உத்தரவாதம். நன்னூல் படித்தவனுக்கு இதில் சிரிப்பு வராமல் இருக்குமா? அதற்கு மேலே அவரவர் பட்டங்கள் வேறு. அடைமொழிகளை வாசித்து முடிப்பதற்குள் கூட்டமே முடிந்துவிடும் போலிருக்கிற மேடைகளை நாம் பார்த்திருக்கிறோம், கைதட்டியும் இருக்கிறோம்.

அரசியல் சட்டத்தின் 18ஆம் பிரிவு, ராணுவம் கல்வி தவிர்த்த பட்டங்களை அரசு வழங்கக் கூடாது என்கிறது. பத்ம விருதுகள்கூடப் பெயருக்கு முன்னும் பின்னும் ஒட்டக் கூடாதவை என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. அரசியல் நிர்ணய சபை நடவடிக்கைகளில் அம்பேத்கரின் பெயருக்கு முன்னும் ‘ஆனரபிள்’ இருக்கிறது. சட்ட அமைச்சர் என்பதால். அந்த அடைமொழியோடு நின்றுதான் அவர் 1949 நவம்பர் 25ஆம் தேதி, அரசியலில் பக்தியும் நாயக வழிபாடும் சர்வாதிகாரத்துக்கே கொண்டுபோகும் என்று எச்சரித்தார். எச்சரிக்கையை விட்டுவிட்டு அடைமொழியை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

நீதிமன்றங்களிலும் இந்தப் பேச்சு ஓய்ந்தபாடில்லை. ‘மை லார்டு’ காலனிய எச்சம் என்று சொல்லி, இந்திய பார் கவுன்சில் 2006இல் ஒரு விதி செய்தது. உச்ச, உயர் நீதிமன்றங்களில் ‘யுவர் ஆனர்’ அல்லது ‘ஆனரபிள் கோர்ட்’. கீழ் நீதிமன்றங்களில் ‘சார்’ அல்லது அந்தந்த மொழிச்சொல். மேலே போகப் போக ஆங்கில அடைமொழி, கீழே தாய்மொழி. படிநிலை மட்டும் பத்திரமாக இருக்கிறது. 2009இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி சந்துரு தன்னை ‘மை லார்டு’ என்று அழைக்க வேண்டாம் என்று வழக்குரைஞர்களிடம் கேட்டுக்கொண்டார். 2012இல் குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி, உள்நாட்டு வழக்கில் ‘எக்ஸலென்ஸி’யைக் கைவிட்டார், அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது நம் பழைய ‘ஆனரபிள்’. ‘மை லார்டு’ கட்டாயமில்லை, மரியாதையாக அழைத்தால் போதும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. எல்லாமே மேலே பார்த்து எப்படி அழைப்பது என்ற பிரச்சினைதான். மேலேயிருந்து கீழே பார்த்து எப்படி அழைப்பது என்பதற்கு யாராவது சுற்றறிக்கை விட்டதாக நான் படித்ததில்லை.

எனவே, சிவப்பு வட்டம் போட்டவரோடு எனக்கு உள்ள முரண்பாடு அந்தச் சொல்லை எழுதச் சொன்னதில் இல்லை. எழுதலாம். சுட்டோடு, முழுப்பெயரோடு, கொக்கி பிசகாமல் எழுதலாம். ஆனால் அந்தச் சொல்லின் முதல் விதி, அது திரும்பி வர வேண்டும் என்பது. மேலே ஒருவருக்கு ‘மதிக்கத் தக்க’ என்று எழுதச் சொல்கிற கை, எதிரே மனுவோடு நிற்பவருக்கு ‘நீங்க’ என்று சொல்கிற வாயோடு இருக்க வேண்டும். இல்லையென்றால், எத்தனை அழகாக எழுதினாலும் அது பிழை. வட்டம் போட வேண்டிய இடம் ‘ஏய்’. அன்றைக்கு அதை நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மனு திரும்பிவிடுமோ என்ற பயம்.

வெளியே வந்ததும் பாட்டி கேட்டார்: “ஏம்ப்பா, அந்தாளு செவப்புல என்னா எழுதச் சொன்னாரு?”

“மந்திரிக்கு மரியாதையா ஒரு வார்த்த போடணுமாம் பாட்டி.”

“போட்டியா?”

“போட்டுட்டேன்.”

“சரி வுடு. வழி குடுப்பாங்களா?”

1924இல் சபையில் கேட்கப்பட்ட அதே கேள்வி. அன்று நிறைவேறிய தீர்மானம் இந்தப் பாட்டியின் ஊருக்கு இன்னும் வந்து சேரவில்லை. தன்னை ‘ஏய்’ என்று கூப்பிட்ட ஆளைப் பற்றிப் பேசும்போதும் அவர் ‘சொன்னாரு’ என்றுதான் முடித்தார் என்பதை பஸ்ஸில் வரும்போதுதான் கவனித்தேன்.